சாமிக்குப் போகும் ஊர்ச் சேதி

கடல் தாண்டிப் போன கிறிஸ்தவக் குருமாருக்கு, ஐயருக்கும் சாமியாருக்கும், தாமிரபரணிக் கரை இன்றும் சேதி சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. இந்த ஊரின் பாதி வரலாறு அந்தச் சேதிகளில்தான் இருக்கிறது.

“தோத்திரம் சாமி. நல்லாருக்கியளா? இங்க ஆத்துல தண்ணி நல்லாப் போவுது. பிசானத்துக்கு நாத்துப் பாவியாச்சு. கோயிலுக்குப் பின்னால நின்ன வேப்பமரம் போன காத்துல சாஞ்சிட்டு சாமி. நீங்க வச்ச தென்னைக்கு ஒண்ணும் ஆகல. காய்க்க ஆரம்பிச்சாச்சு. எப்ப வாரிய?”

ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நின்றபடியே, கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா இப்படிப் பேசுவதைப் பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் யாரும் பார்க்கலாம். சேதி போய்ச் சேரும் இடம் ஜெர்மனியாக இருக்கலாம், இத்தாலியாக இருக்கலாம், அமெரிக்காவாக இருக்கலாம். ஜெர்மனி என்றால் அங்கே அப்போது விடிந்திருக்காது. குருக்கள் பற்றாக்குறையால் பல பங்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒருவர் பொறுப்பில் விட்டிருப்பார்கள். முதல் பூசைக்குக் காரை எடுக்கும் முன் சாமியார் அந்தக் குரலைக் கேட்பார். வாரம் முழுக்க ஜெர்மன் மொழியில் பேசிப் பேசிக் களைத்த காதுக்கு, “எப்ப வாரிய” என்ற ஒரு கேள்வி போதும்.

ஒரு காலத்தில் இந்தக் கரையை விட்டுக் கடல் தாண்டிப் போன ஐயர்மார் வெள்ளைக்காரர்கள். அவர்கள் போனது சொந்த ஊருக்கு. இன்று போகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். பாளையங்கோட்டை கத்தோலிக்க மறைமாவட்டம் 1973இல் மதுரையிலிருந்து பிரிந்து உருவானது. அதன் குருக்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றுகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபைப் பக்கம் பார்த்தால், வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ்ச் சபைகளில் நெல்லைச் சீமை ஐயர்மாரைப் பார்க்கலாம். போகும் திசை மாறிவிட்டது. போனவருக்கு ஊர்ச் சேதி சொல்லும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அந்த வழக்கத்தின் அருமையை நாம் இன்னும் முழுதாக உணரவில்லை என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கப்பலேறிப் போன சேதிகள்

இந்தச் சீமையிலிருந்து போன கடிதங்களின் கதை சவேரியாரிடமிருந்து தொடங்குகிறது. 1540களில் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று முத்துக்குளித்துறை நெடுகிலும் நடந்த பிரான்சிஸ் சவேரியார், பரதவர் ஊர்களின் நிலவரத்தை ஐரோப்பாவுக்கு எழுதினார். அந்தக் கடிதங்களை அங்கே படியெடுத்துப் பலரும் படித்தார்கள். நம் கடற்கரை ஊர்களின் பெயர்கள் ரோமாபுரிக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஆற்றங்கரைக்கு வருவோம். 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர், தஞ்சாவூரிலிருந்து வந்து இங்கே குடியிருந்த ஒரு பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்று பெயர் பெற்ற அந்த அம்மாதான் இங்கே ஒரு சிறு சபையைக் கூட்டி, கோயிலும் கட்டினார். 1785இல் அதைப் பிரதிஷ்டை செய்யவும் ஸ்வார்ட்ஸே வந்தார். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் இருந்தவை வெறும் 40 பெயர்கள். பின்னாளில் லட்சக்கணக்கானவர்களாகப் பெருகிய ஒரு சமூகத்தின் முதல் பெயர்ப் பட்டியல் ஒரே தாளில் அடங்கிவிட்டது. அந்த நாற்பது பேர் இருந்தார்கள் என்று இன்று நமக்குத் தெரிகிறது என்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்ததும், அதை இன்னொருவர் பத்திரப்படுத்தியதும்தான் காரணம்.

ஊர்ச் சேதி என்ன செய்யும் என்பதற்கு நாங்குநேரிக்குத் தென்மேற்கே ஓர் ஊரே சாட்சியாக நிற்கிறது. பிரஷ்யாவில் பிறந்த இரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். இங்கு நடப்பதை எல்லாம் தம் நாட்டுக்கு எழுதினார். டோனா என்ற பெயருடைய பிரபு ஒருவர் அங்கே அதைக் கேள்விப்பட்டுப் பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில் உருவான கிறிஸ்தவக் குடியிருப்புக்கு டோனாவூர் என்று பெயர் வைத்தார் இரேனியஸ். அந்தப் பிரபு இந்த மண்ணை மிதித்ததில்லை. அவர் கண்ணில் பட்டதெல்லாம் காகிதம்தான். பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் போன காலம் அது. அத்தனை தூரம் போன சேதி திரும்பி வந்தபோது ஓர் ஊராகத் திரும்பி வந்தது.

அதே டோனாவூரில் 1901இலிருந்து வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1951இல் இறக்கும் வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. அரை நூற்றாண்டு காலம் எழுத்தின் வழியாகத்தான் தம் நண்பர்களுக்கு இந்த ஊரைக் காட்டினார்.

“திரும்பி வாங்க ஐயா”

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று எல்லோரும் சொல்லும் கோயில் 1826இல் இரேனியஸ் கட்டியது. அதைக் கட்டியவரையே ஊரைவிட்டு அனுப்பிய கதை பலருக்குத் தெரியாது. இங்கிலாந்துத் திருச்சபையின் சில ஒழுங்குமுறைகளை விமர்சித்து அவர் எழுதினார். அதன் விளைவாக 1835இல், அவரை இங்கே அனுப்பிய லண்டன் சர்ச் மிஷனரி சங்கம் அவரோடு தொடர்பை முறித்துக்கொண்டது. இரேனியஸ் குடும்பத்தோடு ஆற்காட்டுப் பக்கம் போய்ப் புதிதாக ஓர் ஊழியத்தைத் தொடங்கினார்.

இங்கே சபைகள் இரண்டுபட்டன. உபதேசியார்கள் பலர் அவருக்கு எழுதினார்கள்: நீங்கள் இல்லாமல் எங்களால் ஆகாது, திரும்பி வாருங்கள். இவர்கள் பனங்காட்டு ஊர்களில் ஞாயிறு ஆராதனை நடத்தி, வாரநாளில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள். லண்டன் அதிகாரத்தை எதிர்த்து எழுதுவது பிழைப்பையே கேள்விக்குள்ளாக்கும் என்று தெரிந்தும் எழுதினார்கள். அதே ஆண்டின் இறுதிக்குள் இரேனியஸ் திருநெல்வேலிக்குத் திரும்பினார். 1838இல் இங்கேயே இறந்து, பாளையங்கோட்டை மண்ணிலேயே அடக்கமானார்.

அவர் செய்தது சரியா, சங்கம் செய்தது சரியா என்ற வழக்கை அறிஞர்கள் பேசட்டும். போன ஐயரைத் திரும்பி வர வைக்கும் வலிமை ஊர்க் கடிதத்துக்கு இருந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் நம் ஆட்கள். வரலாற்றில் பெரிய பெயர் வாங்காதவர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு கல்லறையில் ஒரு வரி

ஜி.யு. போப்பையரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் 1842இல் இருபத்திரண்டு வயது இளைஞராகச் சாயர்புரத்துக்கு வந்து, 1849 வரை அந்தச் செம்மண் காட்டில் பள்ளி நடத்தியவர் என்பது நெல்லைச் சீமையைத் தாண்டி அதிகம் பேசப்படுவதில்லை. பிறகு தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என்று மொத்தம் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் இங்கே கழித்துவிட்டு, 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பினார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886, நாலடியார் 1893, எண்பது வயதில் திருவாசகம் 1900: மூன்றும் அவர் இந்தியாவை விட்டுப் போன பிறகு வெளிவந்தவை.

தமிழ்நாட்டை விட்டுப் போன ஒருவரால் இத்தனை ஆண்டுகள் தமிழை உயிரோடு வைத்திருக்க எப்படி முடிந்தது? நூல்கள் ஒரு காரணம் என்றால், இங்கிருந்து ஓயாமல் போன கடிதங்களும் பத்திரிகைகளும் இன்னொரு காரணம். ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை 1897இல் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’ ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. போப்பின் எழுத்து அதில் வந்தது. அதே ஆண்டில் பாளையங்கோட்டைக்குப் பக்கத்து முன்னீர்பள்ளத்துக்காரரான மு.சி. பூரணலிங்கம் பிள்ளை, பரிதிமாற் கலைஞரோடு சேர்ந்து ‘ஞானபோதினி’யைத் தொடங்கினார். பரிதிமாற் கலைஞரின் ‘தனிப்பாசுரத்தொகை’யைப் போப் ஆங்கிலத்தில் ஆக்கினார். சைவர் அனுப்பியதைக் கிறிஸ்தவ ஐயர் படித்தார். ஐயர் எழுதியதைச் சைவர் அச்சிட்டார். சமயக் கருத்தில் அவர்கள் கடைசி வரை ஒத்துப்போனதில்லை. ஆனாலும் தபால் ஒரு நாளும் நிற்கவில்லை.

போப் 1908 பிப்ரவரியில் மறைந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் கல்லறையில் தமிழ் மாணவன் என்று பொறித்திருப்பதாக இங்கே மேடைதோறும் சொல்கிறார்கள். உண்மையில் அப்படி ஒரு வாசகம் அங்கே இல்லை. இருப்பது அதைவிட மேலானது. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. இங்கிலாந்தில் ஓர் ஆங்கிலக் குருவின் கல்லறையில், பெற்ற பிள்ளைகளுக்கு அடுத்த இடத்தைத் தமிழ் நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கால் நூற்றாண்டு பார்க்காதவருக்குக் கல் வைக்கக் காசு அனுப்ப வேண்டுமென்றால், அந்தக் கால் நூற்றாண்டும் பேச்சு அறுந்துபோகாமல் இருந்திருக்க வேண்டும்.

அறிக்கையும் நட்பும்

எல்லாக் கடிதமும் இந்த ரகம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து போன காகிதத்தில் பெரும்பகுதி அறிக்கைதான். இந்தியர்களில் ஆங்கிலிக்கன் குருப்பட்டத்தை முதலில் பெற்றவர்களில் ஒருவரான கடாட்சபுரம் ஜான் தேவசகாயம் ஐயர் முதல், பின்னால் வந்த குருமார் வரை, நாட்குறிப்பு எழுதி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1854இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் மத்தியில் ஊழியம் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் கடல் தாண்டிப் போனார்கள். அங்கிருந்தும் அறிக்கை வந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் இந்தச் சீமை பட்ட பாட்டை வெளிநாட்டுக்குச் சொல்லி உதவி திரட்டியதும் கடிதங்களே.

அறிக்கைக்கு ஒரு குணம் உண்டு. படிப்பவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று பார்த்து எழுத வேண்டும். ஞானஸ்நானம் இத்தனை, பள்ளிக்கூடம் இத்தனை, காணிக்கை இவ்வளவு, தேவை இவ்வளவு. அதனால்தான் அந்தக் காகிதக் குவியலில் எண்ணிக்கை நிறைய இருக்கிறது, மனிதர்களின் பெயர் குறைவாக இருக்கிறது. கைப்பிடி அரிசி எடுத்து வைத்த பெண்கள், மரத்திலிருந்து விழுந்த பனையேறிகள், கோயிலுக்குக் கல் சுமந்தவர்கள் எல்லாம் பெரும்பாலும் தொகைக்குள் ஒளிந்துகொண்டார்கள்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் இந்தக் குறையைத்தான் வேறு விதமாகச் சொன்னார். நீங்கள் தியாகம் செய்தீர்கள், பொருளும் உடலும் கொடுத்தீர்கள். எங்களுக்கு இன்னும் கிடைக்காதது நட்பு என்பது அவர் பேச்சின் சாரம். சபையில் சலசலப்பு எழுந்தது. முப்பத்தைந்து வயதுத் தமிழர் ஒருவர் உலகத்து மிஷன் தலைவர்களின் முகத்துக்கு நேரே அப்படிப் பேசியது சின்னக் காரியமில்லை. இரண்டே ஆண்டில் அவர் தோர்ணக்கல் பேராயரானார்; ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான்.

அசரியா கேட்ட நட்பு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், ஒன்றும் கேட்காமல் எழுதும் ஊர்க் கடிதத்தில் இருக்கிறது என்பேன். பணம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம், விசா வேண்டாம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல மட்டும் ஒருவர் எழுதுகிறார். உங்களிடம் எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை, ஆனாலும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார். உறவு என்பதற்கு இதைவிடப் பெரிய இலக்கணம் இல்லை.

ஆச்சியின் நீலத்தாள்

என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் பங்கில் இருந்துவிட்டு ஐரோப்பாவுக்குப் போன சாமியாருக்கு அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். தபாலாபீசில் வாங்கிய நீல ஏரோகிராம். மூன்று மடிப்பு, ஓரத்தில் பசை, உள்ளே வேறு எதையும் வைக்கக் கூடாது. “இவ்விடம் அனைவரும் நலம்” என்று நானாக ஆரம்பித்தால் ஆச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். “நலமா இருந்தாத்தான அப்படி எழுதணும்? மேலத்தெரு மூப்பர் படுத்த படுக்கையா கெடக்காரு. அத மொதல்ல எழுது” என்பார்.

அவர் சொல்லும் வரிசைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் இறந்தவர்கள், பிறகு படுத்திருப்பவர்கள், பிறகு பிறந்த பிள்ளைகள், அதன் பிறகு கார் விளைச்சல், கடைசியில் ஆடும் மாடும். இறந்தவரின் பெயரோடு, அடக்கத்தன்று மழை பெய்ததா, யார் யார் வந்தார்கள், வெகுநாள் பேச்சில்லாமல் இருந்த தம்பி வந்து தலைமாட்டில் நின்றானா என்பது வரை சொல்வார். தாள் நிறைந்துவிட்டது என்று சொன்னால் ஓரத்தில் சுற்றி எழுதச் சொல்வார். பசு கன்று ஈன்றதை முகவரிக்குப் பக்கத்தில் எழுதியதும் உண்டு.

அப்போது எனக்கு அது வேலையாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், ஒரு குருவானவருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று ஆச்சிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற பட்டியலைத்தான் அவர் அனுப்பிக்கொண்டிருந்தார். ஊரில் இருந்த காலத்தில் வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து தெரிந்துகொண்ட சாமியாருக்கு, அந்தத் திண்ணையைத் தாளில் மடித்து அனுப்பினார்.

வெள்ளத்தில் அறுந்த சேதி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தச் சீமையில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டியது ஒரு பகலிரவில் கொட்டியது. தாமிரபரணி இரு கரையும் புரண்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் குளங்கள் உடைந்தன. சாலை போயிற்று, மின்சாரம் போயிற்று, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன.

வெளிநாட்டில் இருந்த நம் ஆட்களுக்கு அந்த நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். தொலைக்காட்சியில் வெள்ளம் தெரிகிறது. அம்மா எண்ணுக்குப் போட்டால் மணி அடிக்கவில்லை. குருவானவருக்கு அம்மா மட்டும் இல்லை. தாம் இருந்த பங்குகள் எல்லாம் அவருக்கு வீடுதான். எந்தக் கோயிலில் ஜனம் ஒதுங்கியிருக்கிறது, எந்தத் தெருவில் தண்ணீர் ஏறியது, தனியாக இருந்த பெரியம்மாவை யார் தூக்கி வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த நாட்களில் பத்திரிகைகள் எழுதிய ஒரு சேதியை நாம் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் ஊரே தண்ணீரில் கிடக்கும்போது, முன்பின் தெரியாத அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். இந்த மண்ணைப் பற்றி அயல்நாட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு குருவுக்கு இதைவிட நல்ல சேதி வேண்டுமா? பிரசங்க மேடைக்கே போக வேண்டிய சேதி அது.

இன்னொரு கதை மலையில் நடந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டங்கள் அவை: மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. நான்கைந்து தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே இலை பறித்து, அங்கேயே புதைந்தது. குத்தகை முடிய ஆண்டுகள் இருக்கும்போதே 2024இல் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேற வேண்டிய நிலை வந்தது. கோயில், மசூதி, மாதா கோயில் என்று எல்லாமும் இருந்த ஓர் ஊர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை என்று சிதறிப்போகிறது.

ஊரே கலைந்துவிட்டால் ஊர்ச் சேதியை யார் யாருக்குச் சொல்வது? இங்கேதான் ஒரு பழைய சாமியாரின் எண் பெரிய காரியம் செய்ய முடியும். எங்கே குடிபோனாலும் அவரவர் தங்களுக்குப் பூசை வைத்தவருக்கு, திருமணம் செய்து வைத்தவருக்குச் சேதி சொல்வார்கள். யாருக்கு வேலை கிடைத்தது, யார் மகள் பரீட்சையில் தேறினாள் என்பது அவர் வழியாக மற்றவர்களுக்கும் போகும். கிணற்றடி இல்லாத ஊருக்கு அவர் ஒரு கிணற்றடி ஆகிறார்.

எதைச் சொல்லலாம், எதை விடலாம்

ஊர்ச் சேதி என்ற பெயரில் போகக் கூடாத சேதியும் உண்டு. நெல்லைச் சீமையில் சபைத் தேர்தல் நாட்களில் எழும் கட்சிப் பேச்சை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அந்த நேரத்தில் பழைய ஐயருக்குப் போகும் செய்திகளின் நிறமே மாறிவிடும். இப்போது இருப்பவர் சரியில்லை, நீங்கள் இருந்தபோது இப்படியா நடந்தது, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று இழுப்பார்கள். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள். ஆனால் அது இரண்டு குருமாருக்கும் செய்யும் துரோகம். போனவர் தலையிட்டால் இருப்பவரால் ஊழியம் செய்ய முடியாது. தலையிடாவிட்டால், “நம்மள மறந்துட்டாவ” என்ற பழி வரும். தம் பொறுப்பில் இருந்த சபைகளின் சேகரத்திலிருந்து மாறிப் போன குரு அந்தச் சேகரத்தின் காரியங்களில் கை வைக்காமல் இருப்பது நல்ல மரபு. அந்த மரபைக் காக்கும் பொறுப்பு எழுதுகிறவர்களுக்கும் உண்டு.

அதற்காக, மெழுகிய சேதி மட்டும் அனுப்ப வேண்டும் என்றும் இல்லை. தோத்திரப் பண்டிகைப் படங்கள், அசன விழாவில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்த காணொளி எல்லாம் தானாகவே போய்விடும். போகாமல் நிற்பவை வேறு. குடியில் அழிந்துகொண்டிருக்கும் பையன், கல்விக்கடன் கட்ட முடியாமல் ஊருக்கு வராத பெண், தெருவுக்குத் தெரு இன்னும் நிற்கும் சாதிச் சுவர், கல்லறைத் தோட்டத்திலும் விடாத பிரிவினை. இவற்றை ஒளித்துவிட்டு “எல்லாம் நல்லாருக்கு சாமி” என்று சொன்னால், நாம் அவரை விருந்தாளி ஆக்கிவிட்டோம் என்று அர்த்தம். வருத்தத்தை வீட்டாளிடம்தான் சொல்ல முடியும்.

சாமியார்மாரும் ஒன்றை உணர வேண்டும். குரல்பதிவுக்குக் கைகூப்பும் பொம்மைப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்தால், அந்த அம்மா அடுத்த வாரம் பேசத் தயங்குவார். இரண்டு நிமிடம் பேசுங்கள். நீங்கள் இருக்கும் ஊரில் பனி பெய்ததா, கோயிலுக்கு எத்தனை பேர் வந்தார்கள், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்களா என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். குளிரிலும் தனிமையிலும் வாடும் குருமாரைப் பற்றி ஊர் கவலைப்படுகிறது. அந்தக் கவலையை நிவர்த்தி செய்வதும் உங்கள் ஊழியத்தில் சேர்த்திதான்.

எடுத்து வையுங்கள்

கால்டுவெல் பேராயர் 1881இல் திருநெல்வேலி மிஷனின் தொடக்ககால வரலாற்றை நூலாக்கியபோது, அவர் கையில் இருந்த மூலப்பொருள் பழைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் பதிவேடுகளும்தான். யாரோ ஸ்வார்ட்ஸுக்கு எழுதியது, ஸ்வார்ட்ஸ் யாருக்கோ எழுதியது. அந்தக் காகிதங்கள் இல்லையென்றால் குளோரிந்தாவும் இல்லை, அந்த நாற்பது பேரும் இல்லை. இன்றும் இந்தச் சீமையின் சமூக வரலாற்றை எழுத நினைக்கும் ஆய்வாளர் ஜெர்மனியின் ஹாலே நகருக்கும், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்கும், ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போக வேண்டியிருக்கிறது. நம் தாத்தாக்களின் ஊர்ச் சேதி அங்கே பெட்டியில் இருக்கிறது. வாங்கியவர்கள் எறியாமல் வைத்திருந்தார்கள்.

நம்முடைய குரல்பதிவுகள் என்ன ஆகும்? கைப்பேசி நிறைந்தால் அழித்துவிடுகிறோம். புதுக் கைப்பேசி வாங்கினால் பழையது போய்விடுகிறது. எந்தத் தலைமுறைக்கும் கிடைக்காத வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதத் தெரியாதவரும் தன் சொந்தக் குரலில், சொந்தப் பேச்சில், ஐயரோ உபதேசியாரோ இடையில் இல்லாமல் சேதி சொல்கிறார். அறிக்கைகளில் தொகையாகக் காணாமல்போன பெண்களும் பனையேறிகளும் முதல் முறையாகத் தாங்களே பேசுகிறார்கள். அதையும் நாம் அன்றாடம் அழித்துக்கொண்டிருக்கிறோம்.

ஊசிக்கோபுரத்தின் இருநூறாவது ஆண்டு 2026. இத்தகைய ஆண்டுகளில் மலர் போடுவார்கள், மண்டபம் கட்டுவார்கள், கல்வெட்டு வைப்பார்கள். செய்யட்டும். அதோடு ஒவ்வொரு சேகரமும் ஒவ்வொரு பங்கும் இன்னொன்றும் செய்யலாம். மாதம் ஒரு முறை, ஊரை விட்டுப் போன குருமார் அனைவருக்கும் ஊர்ச் சேதிக் கடிதம் ஒன்று எழுதட்டும். வாலிபர் சங்கத்தில் ஒருவர் எழுதலாம், மறைக்கல்வி ஆசிரியை எழுதலாம். பெரியவர்களிடம் போய்க் கேட்டு எழுத வேண்டும், அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். இறந்தவர், பிறந்தவர், மழை, விளைச்சல், பள்ளிக்கூடம், ஊரை விட்டுப் போனவர், ஊருக்குத் திரும்பியவர். ஒரு படி கடல் தாண்டிப் போகட்டும். ஒரு படி ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் அதே அலமாரியில் இருக்கட்டும். பெரியவர்கள் சம்மதித்தால் அவர்கள் குரலையும் ஒரு வன்தட்டில் சேர்த்து வைக்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை. பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கடிதம் போய்ச் சேரும் இடத்தில் ஒருவர் தன்னை யாரும் மறக்கவில்லை என்று தெரிந்துகொள்வார். அலமாரியில் இருக்கும் படியை நூறு வருஷம் கழித்து எடுத்துப் படிக்கும் பிள்ளைக்குத் தன் பாட்டியின் பெயர் கிடைக்கும். அவள் எந்தத் தெருவில் இருந்தாள், எந்த வருஷத்து வெள்ளத்தில் யாரைத் தூக்கிக் கரை சேர்த்தாள் என்பதும் கிடைக்கும். அதற்காக அந்தப் பிள்ளை கப்பலேற வேண்டியிருக்காது.